அறுபத்திரண்டு மஞ்சள் பூட்டுகள்

முப்பத்தேழு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். தெருவுக்கு அவர் லிஃப்ட்காரர். சொந்தக்காரர்களுக்குச் சென்சஸ். கல்யாண வீட்டில் அவர் தலை தெரிந்தாலே, "சென்சஸ் வந்தாச்சு, பாட்டன் பேரைக் கேப்பாரு, ஓடுங்கடா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுப்பார். "பாட்டன் பேர் கிடக்கட்டும். பாட்டனோட தம்பி ஒருத்தர் இருந்தாரே, அவரு என்ன ஆனாரு?" என்று ஆரம்பித்துவிடுவார்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது? சின்ன மகளுக்குப் பத்து வயதாயிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். அப்பனும் மகளும் உட்கார்ந்தார்கள். இரண்டு தலைமுறையோடு மரம் மொட்டையாக நின்றுவிட்டது. பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பிக்கும் கணக்கு சொல்லக்கூடிய மனிதருக்குத் தன் அப்பாவின் அத்தை பெயர் தெரியவில்லை. அது அவரைக் குடைந்தது.

பிறகு ஒரு கண்காட்சியில் சிடி ஒன்று வாங்கினார். குடும்ப மரம் போடுகிற மென்பொருள். ஏதோ தூர தேசத்துக் கம்பெனி. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அன்றைக்கு விண்டோஸைத் தவிர வேறு ஒன்று இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. இரண்டு விரலால் தட்டித் தட்டி, பல வருஷங்களில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரை அதற்குள் ஏற்றினார்.

"செத்தவங்க எல்லாருக்கும் கணக்கு வச்சிருக்காரு. உயிரோட இருக்கறவ காலையிலேர்ந்து கேஸ் தீர்ந்துடுச்சுன்னு கத்தறேன், அது காதுல விழல" என்பாள் மனைவி.

பெயரும் தேதியும் வாங்குவது சுலபம். கதை வாங்குவதுதான் கஷ்டம். யார் எதனால் செத்தார், யார் வீட்டைவிட்டு ஓடினார், எந்தக் குழந்தை எந்த வீட்டில் வளர்ந்தது என்பதையெல்லாம் சும்மா சொல்லிவிடுவார்களா? அதற்கு லிஃப்ட்காரர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்வார். வீட்டுக்குப் போய்க் கணினியில் ஏற்றி, அந்தக் குறிப்புக்கு மட்டும் தனிப்பூட்டுப் போடுவார். அந்த மென்பொருளில் அதற்கு வசதி இருந்தது. பூட்டியதும் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு பூட்டுப் படம் வரும். பிறகு நோட்டோடு திரும்பப் போய், சொன்னவர் கண் முன்னாலேயே அந்தப் பக்கத்தைக் கிழித்து, துண்டுகளை அவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

"பெட்டியில போட்டாச்சு. மண்டையிலேர்ந்து எடுத்தாச்சு. இனி எனக்கே தெரியாது" என்பார்.

பேச்சுக்காகச் சொன்னதல்ல. வேண்டுமென்றே மறப்பார். அடுத்தவர் வீட்டு ரகசியத்தைச் சுமந்துகொண்டு அவர்கள் முகத்தில் விழிப்பது நியாயமில்லை என்பது அவர் கட்சி. அதனால்தான் அவரிடம் ஜனங்கள் வாய் திறந்தார்கள். சொந்தக்காரர்களுக்குப் பிரதி எடுத்து அனுப்பும்போதும் பூட்டிய குறிப்புகள் போகாது. மொத்தம் அறுபத்திரண்டு பூட்டுகள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தக் கணினி இழுத்துக்கொண்டு கிடந்தது. திறக்கவே கால் மணி நேரம் ஆனது. சின்ன மகளின் புருஷன் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை வந்து பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புது டிஸ்க் மாட்டினார். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்று காசில்லாமல் கிடைக்கிற வேறொன்றைப் போட்டார்.

"இனிமே வைரஸ் கிடையாது மாமா. பணம் கட்டுன்னு கேக்காது. உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

"மரம்?"

"மர ஃபைலும் இருக்கு. அதைத் திறக்கற புரோகிராமை அடுத்த வாரம் போட்டுத் தரேன்."

அடுத்த வாரம் வந்தது, போனது. அலுவலகத்தில் வேலை, பிள்ளைக்குப் பரீட்சை. லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையிடம் ஒரு காரியத்தை இரண்டாம் தடவை கேட்கிற மாமனார் உண்டா? காத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை, சின்ன மகளின் மார்பில் இருந்த கட்டியைச் சோதித்த முடிவு வந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"கேன்சர்தான். சின்னதா இருக்கும்போதே பிடிச்சிட்டோம், அது நல்லது. கட்டியை மட்டும் எடுக்கலாம். இல்ல, ரெண்டு பக்கமும் முழுசா எடுக்கலாம். எதுன்னு முடிவு பண்ண உங்க குடும்ப விவரம் வேணும். ஒருத்தருக்கு வந்திருந்தா ஒரு மாதிரி. ஒரே வழியில ரெண்டு மூணு பேருக்கு, அம்பது வயசுக்குள்ள வந்திருந்தா வேற மாதிரி, ரெண்டையும் எடுக்கறதுதான் பத்திரம்."

"ரத்தத்துல பார்க்க முடியாதா டாக்டர்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அனுப்பறோம். முடிவு வர ஆறு வாரம் ஆகும். அவ்வளவு நாள் இதை விட்டு வைக்க எனக்கு மனசில்ல. வியாழக்கிழமை வாங்க. அப்பா வழி, அம்மா வழி, சின்ன வயசுல இறந்த பொம்பளைங்க யாரு, எதனால, எழுதிட்டு வாங்க."

அம்மா வழியில் எல்லோரும் எண்பதைத் தாண்டிப் போனவர்கள். அப்பா வழியில்தான் சங்கதி. மூன்று பேரும் லிஃப்ட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்ல வெட்கம்தான், ஆனால் உண்மை: மகளுக்குக் கேன்சர் என்று கேட்ட அந்த அறையிலேயே அவருக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

"எல்லாம் இருக்கு டாக்டர். பேரு, வயசு, காரணம். கம்ப்யூட்டர்ல இருக்கு."

அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். "பாருங்க, எல்லாரும் கிண்டல் பண்ண சென்சஸ். கடைசியில எனக்குத்தான் உதவுது."

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை கணினி முன் உட்கார்ந்தார். பழைய சிடியைப் போட்டார். லினக்ஸ் அதைச் சட்டை செய்யவில்லை.

"இதுக்குன்னு ஒண்ணு இருக்கு மாமா, வைன்னு பேரு."

"வைனா? இந்த வீட்டுல அதெல்லாம் ஆகாது" என்று சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"குடிக்கற வைன் இல்ல அத்தை. விண்டோஸ் இருக்கற மாதிரி இது ஒரு வேஷம் போடும். புரோகிராம் அதை நம்பி ஓடிடும்."

லிஃப்ட்காரர் யோசித்தார். "கதவு சுவிட்ச்சுல ஒயரைச் சுத்தி, கதவு மூடியிருக்குன்னு லிஃப்ட்டை ஏமாத்துவானுங்களே, அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட அதான்."

"அப்படி ஏமாத்தின லிஃப்ட்ல நான் ஒரு ஆளை ஏத்த விட்டதில்ல மாப்ளே."

"இதுல யாரும் விழ மாட்டாங்க மாமா."

முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு ஜன்னல் திறந்து உடனே மூடிக்கொண்டது. மாப்பிள்ளை எதையோ தேடிப் படித்தார், எதையோ இறக்கினார், கறுப்புத் திரையில் வரி வரியாகத் தட்டினார். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய பச்சை நிற முகப்பு வந்து நின்றது. லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கோப்பைத் திறந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரும் வந்தார்கள், கட்டம் கட்டமாக. எழுத்தைக் காணோம். எல்லாப் பெயரும் வெறும் சதுரம்.

"எழுத்துரு இல்ல மாமா. பழைய தமிழ் எழுத்துரு எங்க இருக்கு?"

சிடி அட்டைக்குள்ளேயே அதுவும் ஒரு சிடியாக இருந்தது. ஏற்றினார்கள். சதுரங்கள் ஒவ்வொன்றாகப் பெயர்களாக மாறின. பெரியப்பா, அத்தை, சித்தப்பா என்று அத்தனை பேரும் தமிழில் எழுந்து நின்றார்கள். "ஆஹா" என்று வாய்விட்டுச் சொன்னார் மனிதர். மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. அப்படித் தொட்டுப் பழக்கமில்லாத இருவரும் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள்.

அப்பா வழியில் ஐம்பதுக்குள் இறந்த பெண்கள் ஐந்து பேர். லிஃப்ட்காரரின் பெரிய அத்தை நாற்பத்தொன்று. நடு அத்தை முப்பத்தாறு. சின்ன அத்தை நாற்பத்துநாலு. பெரியப்பா மகள்களில் மூத்தவள் முப்பத்தொன்பது, இரண்டாமவள் இருபத்தொன்பது. ஐந்து பெயருக்குப் பக்கத்திலும் மஞ்சள் பூட்டு. லிஃப்ட்காரர் முதல் பூட்டை அமுக்கினார். கடவுச்சொல் கேட்டது. அவர் மறக்கவில்லை, தட்டினார்.

ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மாப்பிள்ளை திரையை நெருங்கிப் படித்தார்.

"என்னங்கறான்?"

"இந்தப் பூட்டு இந்தக் கம்ப்யூட்டர்ல பதிவாகலையாம் மாமா."

இதுதான் விஷயம். பூட்டு கோப்பில் இருந்தது. சாவி கோப்பில் இல்லை. முதல் பூட்டைப் போட்ட அன்றே மென்பொருள் ஒரு சாவியைத் தானாகச் செய்து, விண்டோஸின் வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருந்தது. கடவுச்சொல் என்பது அந்தச் சாவியை எடுக்கக் கொடுக்கிற குரல், அவ்வளவே. விண்டோஸ் போனபோது சாவியும் கூடப் போனது. இதை எங்கேயாவது எழுதியிருந்தானா கம்பெனிக்காரன்? எழுதியிருந்தான், கையேட்டில் யாரும் படிக்காத நாற்பதாம் பக்கத்தில். எழுதியது நீ, தூங்காமல் தட்டியது நீ, ஊர் ஊராய்ப் போய்க் கேட்டது நீ. ஆனால் திறப்பதா வேண்டாமா என்று சொல்வது அவன். கம்பெனியைக் கேட்கலாம் என்று அவன் இணைய முகவரியைத் திறந்தால், அங்கே இப்போது யாரோ செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை லீவு போட்டார். புது விண்டோஸ் உள்ள ஒரு கணினியில் போட்டுப் பார்த்தார். மென்பொருள் ரொம்பப் பழசு என்று அது உள்ளேயே விடவில்லை. ஜெராக்ஸ் கடையில் பழைய விண்டோஸ் ஒன்று இருந்தது. அதில் ஏறியது, மரம் வந்தது, அதே பூட்டு, அதே வரி. உலகத்தின் எங்கேயோ இருக்கும் லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் விவரமாக எழுதிக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் ஒருவர் பதில் போட்டார்: பழைய டிஸ்க் இருந்தால் சாவியைத் தோண்டி எடுக்கலாம், டிஸ்க் இருக்கிறதா?

அதை மாப்பிள்ளை பழைய சாமான் கடையில் போட்டிருந்தார். மாமனாரும் மாப்பிள்ளையும் போனார்கள். கடைக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசமா? என்னங்க நீங்க, ஆறு நாள்னாலே கஷ்டம். அது உருகி இந்நேரம் எவன் வீட்டுலயோ வாளியா இருக்கும்."

"எங்க அனுப்புவீங்க? அங்க போய்க் கேக்கலாமா?"

"அங்க தினம் நாலு லாரி இறங்குது பெரியவரே. போய் என்னன்னு கேப்பீங்க? அதுல என்ன இருந்துச்சு, பணமா?"

"எங்க அத்தைங்க" என்றார் லிஃப்ட்காரர். கடைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை தெருவிலேயே நின்றுவிட்டார். "நான்தான் மாமா. நல்லது பண்றேன்னு... என் பொண்டாட்டிக்கு நானே..."

"பூட்டினது நான்" என்றார் லிஃப்ட்காரர். "வாங்க, வண்டி வருது, ஓரமா வாங்க."

வீட்டில் மனைவி காத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "ஊரார் ரகசியத்துக்கெல்லாம் பூட்டுப் போட்டீங்க. நம்ம பொண்ணுக்குன்னு ஒரு சாவி வச்சீங்களா?" என்றாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஐந்து பெயர்களையும் எழுதி, ஞாபகத்தைக் கசக்கினார். சின்ன அத்தை நிச்சயம். ஆஸ்பத்திரியில் அவரே பக்கத்தில் இருந்தார். மற்ற நாலு பேரில் ஒருத்தி விஷம் குடித்தவள். ஒருத்தி பிரசவத்தில் போனவள். மீதி இரண்டு பேருக்கு இந்த நோயா? எவளுக்கு எது? விஷம் குடித்தவளே இந்த நோய் தாங்காமல்தான் குடித்தாளா? அப்படி ஒரு பேச்சு இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மறப்பதில் அவர் அவ்வளவு நேர்மையாக இருந்திருக்கிறார்.

இந்த ஐந்து பேரின் கதையையும் சொன்னது ஒரே ஆள். பெரியப்பாவின் கடைசி மகள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் இருப்பதால் அவளுக்கு நாலாம் மாடி அக்கா என்று பெயர். உயிரோடுதான் இருக்கிறாள், ஞாபகமும் கத்தி மாதிரி. புதன்கிழமை காலையில் போன் போட்டார்.

"யாரு, சென்சஸா? இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களாடா எண்ணறதுக்கு?"

"அக்கா, ஒரு உதவி. சின்னவளுக்கு மார்புல கட்டி. கேன்சராம்."

"ஐயோ, சின்னவளுக்கா? என்னடா இது..." உண்மையாகவே பதறினாள். எந்த ஆஸ்பத்திரி, யார் பார்க்கிறார்கள், சாப்பிடுகிறாளா என்று எல்லாம் கேட்டாள். அவர் பொறுமையாகச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீ எனக்குச் சொன்னியே, அத்தைங்க, பெரியக்கா, நடு அக்கா எதனால போனாங்கன்னு. அது எனக்கு இப்ப வேணும்கா."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா?"

"நான் என்ன சொன்னேன்? வயித்து வலி. காய்ச்சல். அந்தக் காலத்துல என்ன, எல்லாரும் காய்ச்சல்லதான் போனாங்க."

"இல்லக்கா. என்னை உக்கார வச்சு ஒரு மத்தியானம் பூரா சொன்ன. நான் எழுதினேன்."

"எழுதினியா? எங்க காட்டு."

"கிழிச்சு உன் கையிலதானே கொடுத்தேன்."

"அப்ப நான் எதுவும் சொல்லலைன்னு அர்த்தம்." குரல் தாழ்ந்தது. "தம்பி, புரிஞ்சுக்கடா. பேத்திக்கு வரன் பேசிட்டிருக்கோம். பெரிய இடம். அவங்க நாலு பக்கமும் விசாரிக்கறாங்க. குடும்பத்துல இப்படி ஒரு வியாதின்னு ஆஸ்பத்திரிப் பேப்பர்ல ஏறிச்சுன்னா நாளைக்கு யாரு வாய்க்குப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

"டாக்டர் யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்கக்கா."

"நீயும் அப்படித்தான் சொன்ன. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு. இப்ப கேக்கற."

அவருக்கு அடி நேராக விழுந்தது. "உன் பேத்திக்கும் இது தெரியணும்கா. ஒரே ரத்தம். நாளைக்கு அவளுக்கு..."

"வாயைக் கழுவு! நல்ல காரியம் பேசற வீட்டுல வந்து என்ன பேச்சு பேசற?" போன் வைக்கப்பட்டது. மறுபடி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது தடவை அவள் மருமகள் எடுத்து, அத்தை தூங்குகிறார்கள் என்றாள். காலை பத்தரை மணி.

நேரில் போனார். நாலு மாடியும் ஏறினார். கதவுக்குப் பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. மணியை அடித்ததும் டிவி நின்றது. கதவு திறக்கவில்லை. கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தார். எந்த மாடியில் மாட்டிக்கொண்டவர்களையும் வெளியே எடுக்கத் தெரிந்த மனிதர். இந்தக் கதவுக்கு அவர் கையில் ஒரு கருவியும் இல்லை. இறங்கி வந்தார்.

வியாழக்கிழமை. டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் உதவியாளர் ஒருத்தி படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட்காரர் பெயர்களையும் வயதுகளையும் சொன்னார், கடகடவென்று, பார்க்காமலே. உதவியாளரின் பேனா காரணம் என்ற கட்டத்துக்கு வந்து நின்றது.

"சின்ன அத்தைக்கு இதேதான். மார்புல. நான் பார்த்தேன்."

"மத்தவங்க?"

"இருக்கு. எல்லாம் எழுதி வச்சது இருக்கு. திறக்கல."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை இரண்டு வரியில் சொன்னார். டாக்டரம்மா தலையாட்டினார்.

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்க மனசுல என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. போதும்."

"தோணறதை வச்சு நான் ஒருநாளும் ஒரு லிஃப்ட்டை ஓட்டலாம்னு சொன்னதில்லம்மா."

"நான் லிஃப்ட் இல்லப்பா."

லிஃப்ட்காரர் நோட்டைப் பார்த்தார். அதில் ஐந்து பெயர்களும் அடித்தடித்து எழுதிய அம்புக்குறிகளும்தான் இருந்தன.

"ரெண்டு பேருன்னு தோணுது. பெரியக்காவுக்கும் இருந்திருக்கலாம். மூணாவும் இருக்கலாம். சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "உறுதியா ஒருத்தர். சந்தேகமா ஒண்ணு ரெண்டு. இதை வச்சு முழுசா எடுத்தே ஆகணும்னு நான் சொல்ல முடியாது. வேண்டாம்னும் சொல்ல முடியாது. நீங்கதான் முடிவு பண்ணணும்மா. தேவையில்லாம எடுத்ததா இருக்கலாம். விட்டு வச்சு வருத்தப்படறதாவும் இருக்கலாம்."

மகள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அப்பாவை அவள் மறுபடி பார்க்கவில்லை. அது இரக்கத்தாலா கோபத்தாலா என்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை.

"எடுத்துடுங்க டாக்டர். ரெண்டும்."

லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன தெரியும்? சரி என்று சொல்ல என்ன தெரியும்?

உதவியாளர் படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். "தகவல் கொடுத்தவங்க இங்க கையெழுத்துப் போடணும் ஐயா."

ஐந்து வரிசை. ஒன்றில் நோயின் பெயர் இருந்தது. ஒன்றில் கேள்விக்குறி. மூன்றில் "தெரியாது" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார்.

மகள் கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு, ரத்தம் எடுக்க நர்ஸோடு உள்ளே போனாள். மாப்பிள்ளையும் பின்னால் ஓடினார். எந்த அறைக்குப் போகிறார்கள், எவ்வளவு நேரமாகும் என்று கேட்க நினைத்து லிஃப்ட்காரர் எழுந்தார். உதவியாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். கைப்பையோடு கதவுக்கு வெளியே வந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்.